புயலுக்கு முன்னாடி பேக்கப்: கடலூர், பாண்டிக்காரங்களுக்கு

ஐப்பசி பொறந்தா மெழுகுவத்தி, பால் பவுடர், டார்ச் எல்லாம் வாங்கி வச்சிடுறோம், ஆனா கடை கணக்கு, கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன் எல்லாம் இருக்குற கம்ப்யூட்டர் மட்டும் தரையோட தரையா டேபிளுக்கு அடியிலயே கெடக்கு. முதல்ல அந்த சிபியுவ மேல தூக்கி வைங்க, மத்தது அப்புறம்.

பேக்கப்புக்கு, அதாவது ஃபைல எல்லாம் தனியா காப்பி எடுத்து வைக்கிறதுக்கு, 3-2-1னு ஒரு முறை சொல்லுவாங்க. மொத்தம் 3 காப்பி, 2 விதமான மீடியாவுல (ஹார்ட் டிஸ்க், கிளவுட் மாதிரி), அதுல 1 வெளியூர்ல. எல்லாரும் சொதப்புறது அந்த கடைசி 1லதான். பாண்டில கடை வச்சிருக்கவரு கடலூர்ல மச்சான் வீட்டுல ஒரு ஹார்ட் டிஸ்க் குடுத்து வச்சிட்டு நிம்மதியா இருப்பாரு, ஆனா ரெண்டு ஊருக்கும் நடுவுல இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், 2011 டிசம்பர் 30 தானே புயல் கரையேறுனதே அந்த நடுவுலதான், அப்போ ரெண்டு ஊரும் சேர்ந்துதான் அடி வாங்குச்சு. 2024 ஃபெஞ்சல் புயல்லயும் பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுனப்போ கடலூர் மாவட்டமும் தண்ணியிலதான். அதனால சேலம், கோயம்புத்தூர்னு கடல விட்டு தள்ளி இருக்குற சொந்தக்காரங்ககிட்ட குடுங்க, தீபாவளிக்கு வரும்போது டிஸ்க்க மாத்தி அனுப்பிக்கலாம்.

நெட்டுல சேத்து வைக்கிற கிளவுட் இருக்கேன்னு கேப்பீங்க. வச்சுக்குங்க, நல்லதுதான், ஆனா கூகுள்ல ஃப்ரீ 15 ஜிபி, அதுலயே ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணும் அடக்கம். இன்னொன்னு, சின்க் (இங்க மாத்துறது அங்கயும் தானா மாறுறது) வேற பேக்கப் வேற. சின்க் ஆகுற ஃபோல்டர்ல பையன் எதையாவது டெலிட் பண்ணா அங்கயும் போயிடும், டிராஷ்ல 30 நாள்தான் இருக்கும். தானே புயல் வந்தப்போ பல ஊர்ல கரன்ட் வரவே நாள்கணக்கா ஆச்சு, அந்த நேரத்துல நெட்ட நம்பி என்ன பண்றது, கையில ஒரு டிஸ்க் இருக்கணும்.

அந்த டிஸ்க்க காப்பி எடுத்ததும் கழட்டிடுங்க. எப்பவும் சொருகியே வச்சிருந்தா ரான்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) வந்தா அதையும் சேர்த்து பூட்டிடும், கரன்ட் போயி ஹை வோல்டேஜ்ல திரும்பி வந்தா கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் சேர்ந்து புகையும். பாஸ்வேர்டு போட்டு பூட்டுனீங்கன்னா அத ஒரு பேப்பர்ல எழுதி வீட்டு பத்திரத்தோட வைங்க, அது தொலைஞ்சா டிஸ்க் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

கடை கணக்கு போடுற டேலி பிரைம் சாஃப்ட்வேர்ல ஆல்ட்டும் ஒய்யும் அமுக்கி பேக்கப் குடுத்தா முடிஞ்சுது. ஆனா அத வேற ஒரு கம்ப்யூட்டர்ல ரெஸ்டோர் பண்ணி (பேக்கப்ப திரும்ப ஏத்தி) போன மாச பில்லு தெரியுதான்னு பாருங்க, ஓடிக்கிட்டு இருக்குற டேட்டா மேலயே ரெஸ்டோர் பண்ணிடாதீங்க, புதுசு அழிஞ்சு பழசு வந்து உக்காந்துக்கும். இத செஞ்சு பாக்காத பேக்கப்ப நான் கணக்குலயே சேர்க்க மாட்டேன்.

எல்லாத்தையும் மீறி டிஸ்க் தண்ணில மூழ்கிடுச்சுன்னா ஆன் பண்ணவே பண்ணாதீங்க. அரிசில போடுறது, ஹேர் டிரையர் காட்டுறது, வெயில்ல வைக்கிறது எதுவும் வேணாம், தானா காஞ்சா உப்பும் சேறும் உள்ள தட்டுல ஒட்டிக்கும். மேல இருக்குற சேற மட்டும் தொடச்சிட்டு, ஈரத்தோடயே காத்து போகாத கவர்ல போட்டு சீக்கிரமா டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, பாத்து சொல்றதுக்கே எவ்வளவு வாங்குவாங்கன்னு முன்னாடியே கேட்டுக்குங்க.