கார்பேஜ் டிஸ்போசல் சிக்கிக்கொண்டால் செய்யக் கூடாதவை

அமெரிக்காவில் அபார்ட்மென்ட் எடுத்துக் குடியேறும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்க்குக்கு அடியில் தொங்கி, சாப்பாட்டுக் கழிவை அரைத்துக் குழாயில் அனுப்பும் கார்பேஜ் டிஸ்போசல் புதுப் பொருள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று உறுமும். சிக்கியதை எடுத்துவிடுவது பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான். பதற்றத்தில் செய்யும் சில காரியங்கள்தான் அதைப் புது மெஷின் வாங்கும் செலவில் கொண்டுபோய் விடுகின்றன.

முதல் தவறு, திரும்பத் திரும்பச் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பது. சுழல முடியாமல் பூட்டிக்கொண்ட மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அத்தனையும் காயிலில் சூடாகத்தான் இறங்கும். சூடு அளவு மீறும்போது உள்ளே இருக்கும் பாதுகாப்பு, இணைப்பைத் துண்டித்துவிடும். அடிப்பக்கத்துச் சிவப்பு ரீசெட் பட்டன் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது அதனால்தான். சிக்கியதை எடுக்காமல் பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டினால் காயிலின் காப்புப் பூச்சு கருகும். கருகல் வாடை வந்தால் அதற்குமேல் ஒரு தடவைகூடச் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். உறுமினால் ஏதோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ரீசெட் பட்டன் வெளியே வந்திருக்கலாம், அல்லது கரண்ட் வரவில்லை. நன்றாகச் சுற்றியும் தண்ணீர் இறங்காவிட்டால் குற்றம் டிஸ்போசலில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் குழாயில். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அடுத்தது, சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று உள்ளே கைவிடுவது. சிங்க் பக்கத்துச் சுவரில் இருக்கும் அந்தச் சுவிட்ச் லைட் சுவிட்ச் மாதிரியே இருக்கும். பின்னால் வருகிறவர் தெரியாமல் போட்டுவிடலாம். கீழ்க் கதவைத் திறந்து பிளக்கைப் பிடுங்குங்கள். அங்கே இரண்டு பிளக் இருந்தால் ஒன்று டிஷ்வாஷருடையதாக இருக்கும், ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துச் சரியானதை எடுங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் பேனலில் பிரேக்கரை இறக்க வேண்டும். அதன் பிறகும் டார்ச்சும் இடுக்கியும்தான், விரல் வேண்டாம்.

உள்ளே மிக்ஸி போலக் கூரான பிளேடு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சுழலும் தட்டும், அதன்மேல் அசையும் இரண்டு மழுங்கிய உலோகக் கட்டைகளும்தான் இருக்கின்றன. அவை கழிவை, சுற்றிலும் உள்ள பல் வளையத்தின்மேல் வீசி அரைக்கின்றன. சிக்கும் இடமும் கட்டைக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள அந்த இடுக்குதான். ஐஸ் போட்டால் பிளேடு கூராகும் என்பதை நம்ப வேண்டாம். கூராக்க அங்கே எதுவும் இல்லை.

விடுவிக்கும் கருவி ஆலன் கீ, அதாவது L போல வளைந்த அறுகோணக் கம்பி. பல மாடல்களில் அடிப்பாகத்தின் நட்டநடுவில் அறுகோணத் துளை இருக்கும். அளவு கால் அங்குலம். ஊரிலிருந்து கொண்டுவந்த செட்டில் உள்ள 6 மி.மீ. கீயும் உள்ளே நுழையும், ஆனால் சற்றே லூசாக நின்று துளையின் முனைகளை மழுக்கிவிடும். கால் அங்குலக் கீயைச் செருகி வலமும் இடமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் சிக்கிய பொருள் இன்னும் இறுகும். பிடி விட்டதும் முழுச் சுற்றாக நாலைந்து தடவை சுற்றுங்கள்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். சிக்கிய புளியங்கொட்டையோ ஸ்பூனோ இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. மேலே வந்து ரப்பர் மடலை விலக்கி, டார்ச் அடித்து, இடுக்கியால் எடுங்கள். கீயைத் துளையிலிருந்து உருவவும் மறக்காதீர்கள். அடியில் துளை இல்லாத மாடலென்றால் தடித்த மரக்கம்பை மேலிருந்து விட்டு, கட்டையின்மேல் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்துத் தள்ளலாம். அப்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும்.

இப்போதுதான் ரீசெட் பட்டன். அழுத்தியும் உள்ளே நிற்காவிட்டால் மோட்டார் இன்னும் ஆறவில்லை, கால் மணி நேரம் விடுங்கள். பிளக்கை மாட்டி, குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள். வெந்நீர் வேண்டாம்: எண்ணெயும் நெய்யும் அதில் உருகி ஓடி, குழாயில் ஆறியதும் உறையும்.

அடைப்பு நீக்கும் ரசாயனத்தை டிஸ்போசலில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது ஸ்பூனைக் கரைக்கப் போவதில்லை. அங்கேயே தேங்கி நின்று, தட்டு அசையும்போது முகத்தில் தெறிக்கும்.

நம் சமையலில் வாழைத்தண்டு நார், மென்ற முருங்கைச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, புளிக்கோது எல்லாம் தட்டைச் சுற்றிக்கொள்ளும். கொட்டாங்கச்சிச் சில்லும் மாங்கொட்டையும் ஆட்டெலும்பும் இடுக்கில் ஆப்பாக இறங்கும். இவை குப்பைத் தொட்டிக்கே போகட்டும். சோறு மெஷினை நிறுத்தாது, ஆனால் சிங்க்குக்குக் கீழே வளைந்து போகும் குழாயில் ஊறிக் களியாகும். தோசை மாவும் அப்படித்தான்.

இரட்டைத் தொட்டி சிங்க்கில் இரண்டிலும் தண்ணீர் நின்றால் அந்த வளைவைத்தான் பார்க்க வேண்டும். பிளஞ்சர் (அடைப்பை அழுத்தி எடுக்கும் ரப்பர் கிண்ணம்) போடுமுன் பக்கத்துத் தொட்டியின் வாயை ஈரத்துணியால் அழுத்தி மூடுங்கள். டிஷ்வாஷர் ஹோஸ் டிஸ்போசலில் சேருமானால் அதையும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் பாத்திரங்களுக்குள் ஏறும்.

கீ தாராளமாகச் சுற்றுகிறது, ரீசெட்டும் நிற்கிறது, ஆனாலும் உறுமல் மட்டும்தான் என்றால் மோட்டாரே போயிருக்கும். உடலின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள் சீல் தேய்ந்துவிட்டது. அதற்குச் செலவழிப்பதைவிடப் புதிது மாட்டுவது மேல். வாடகை வீடானால் இந்த இரண்டையும் நீங்கள் கழற்ற வேண்டாம், மெயின்டனன்சுக்குச் சொல்லிவிடுங்கள். என்ன சத்தம் வந்தது, பட்டன் எப்படி நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் தேவையான சாமானோடு வருவார்கள்.