ஆர்டுயினோவும் சின்ன சர்வோவும் வச்சு மாடல் ரயில் பாயிண்ட் மாத்துறது எப்படி?

லேஅவுட் போட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே எல்லாருக்கும் வர்ற தேவை இது. பாயிண்ட்னா ரயிலை ஒரு தடத்துல இருந்து இன்னொண்ணுக்குத் திருப்பி விடுற இடம். அதைக் கையால தள்ளி மாத்தலாம், ஆனா பலகையோட அந்தக் கோடில இருக்கிறதுக்கு கை எட்டாது, எட்டினாலும் நடுவுல நிக்கிற சிக்னலை சட்டைக்கை இழுத்துட்டு வந்துரும். கடைல வர்ற பாயிண்ட் மோட்டார்ல நிறைய காயில் வகை, டப்புனு ஒரே அடில மாத்தும், பட்டனைக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடிச்சா காயில் கருகிடும். சர்வோல, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற குட்டி மோட்டார்ல, அந்தப் பயம் இல்ல, அது மட்டுமில்லாம பாயிண்ட்டோட நாக்கு (அசையுற தண்டவாளத் துண்டு) மெல்ல நகர்ந்து போய் உக்கார்றதைப் பார்க்கிறதே தனி அழகு, அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சர்வோவைத்தான் சொல்வேன்.

இங்க நான் சொல்றது எச்ஓ ஸ்கேலுக்கு, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மிமீ. வேண்டியது ஒரு ஆர்டுயினோ யூனோ (நாம எழுதுற ப்ரோக்ராமை ஓட்டுற சின்ன போர்டு), ஒரு எஸ்ஜி90 சர்வோ (9 கிராம்தான் இருக்கும்), ஒரு டாகிள் சுவிட்ச், 10கே பொட்டன்ஷியோமீட்டர் (திருகுற குமிழ், சுருக்கமா பொட்) ஒண்ணு, பிரெட்போர்டு, ஜம்பர் வயர், அரை மிமீ இல்ல கொஞ்சம் தடிமனான ஸ்டீல் கம்பி.

முதல்ல சர்வோவை 90-ல நிறுத்துங்க

எதையும் ஒட்டுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிருங்க. சர்வோவோட பிரவுன் வயர் கிரவுண்டுக்கு, சிவப்பு 5 வோல்ட்டுக்கு, ஆரஞ்சு 9-ம் நம்பர் பின்னுக்கு. ஆர்டுயினோ சாஃப்ட்வேர்ல எக்ஸாம்பிள்ஸ் உள்ள சர்வோ, அதுக்குள்ள ஸ்வீப்னு ஒண்ணு இருக்கும், அதைத் திறந்து லூப்ல (திரும்பத் திரும்ப ஓடுற பகுதி) இருக்கிறதெல்லாம் எடுத்துட்டு 90-னு மட்டும் ரைட் பண்ணி அப்லோடு பண்ணுங்க. சர்வோ நடுவுல வந்து நின்ன பிறகுதான் சர்வோவோட வர்ற வெள்ளை ஆர்மை (ஓட்டைங்க இருக்கிற சின்னக் கை) அதோட ஷாஃப்ட்ல மாட்டணும். இதைச் செய்யாம ஒட்டினா ஒரு பக்கம் திரும்ப இடம் இருக்கும், இன்னொரு பக்கம் இருக்காது, அப்புறம் எல்லாத்தையும் பெயர்க்கணும்.

பாயிண்ட்டோட இணைக்கிறது

அனுபவசாலிங்க பலகைக்கு அடியில மாட்டுவாங்க, ஆனா முதல் தடவைக்கு தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே, ஷாஃப்ட் மேல பார்க்கிற மாதிரி வைங்க, என்ன நடக்குதுன்னு கண்ணால பார்க்கலாம். அப்புறம் மேல ஒரு சின்ன கேபின் வச்சு மறைச்சுடலாம். ரெண்டு நாக்கையும் சேர்க்கிற குறுக்குப் பட்டைல ஓட்டை இருக்கும், அதுல இருந்து சர்வோ ஆர்முக்கு கம்பி போகணும். கம்பி நடுவுல ஒரு யூ வளைவு போட மறக்காதீங்க, சர்வோ கொஞ்சம் அதிகமா தள்ளினாலும் அந்த வளைவு வாங்கிக்கும், நாக்கு பிய்யாது.

ஆர்ம்ல எந்த ஓட்டைங்கிறதும் முக்கியம். மையத்துல இருந்து 8 மிமீ தள்ளி இருக்கிற ஓட்டைல கம்பியை மாட்டி 80-ல இருந்து 100 டிகிரி வரைக்கும் திருப்பினா கம்பி ஏறக்குறைய 2.8 மிமீ நகரும், பெரும்பாலும் அதுவே போதும். உங்க பாயிண்ட்ல நாக்கு எவ்வளவு நகருதுன்னு ஸ்கேல் வச்சு அளந்துட்டு முடிவு பண்ணுங்க. பலர் கடைசி ஓட்டைல மாட்டிடுறாங்க, அப்ப ஒரு டிகிரி மாறினாலே அதிகமா நகரும், சரியா அட்ஜஸ்ட் பண்ண வராது.

பீக்கோ கம்பெனி பாயிண்ட்னா உள்ள ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும், அதை எடுத்தாதான் மெதுவா நகரும், இல்லன்னா பாதி வழில டக்குனு தாவிடும். எடுத்துட்டா நாக்கை அழுத்திப் பிடிக்கிற வேலையும் சர்வோவுக்குத்தான்.

கோணத்தைக் கண்டுபிடிக்கிறது

இங்கதான் அவசரப்படாம உக்காரணும். அதே சர்வோ எக்ஸாம்பிள்ல நாப்னு இன்னொண்ணு இருக்கு. பொட்டோட ரெண்டு ஓரக் காலை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்காலை ஏ0-க்கும் கொடுங்க. மேப் வரில 0, 180-னு இருக்கிறதை 70, 110-னு மாத்திட்டுதான் அப்லோடு பண்ணணும், அப்படியே விட்டா சர்வோ முழுசா சுத்தி பாயிண்ட்டை உடைச்சுடும். சீரியல் மானிட்டர்ல கோணத்தைப் பிரிண்ட் பண்ண ஒரு வரி சேர்த்துட்டு மெதுவா திருப்புங்க, நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தை நல்லா தொட்டவுடனே அந்த நம்பரைக் குறிச்சுக்கோங்க, அதே மாதிரி அந்தப் பக்கமும். சர்வோ 'ங்ங்ங்'னு முனகிட்டே இருந்தா தேவைக்கு மேல அழுத்துதுன்னு அர்த்தம், ஒரு டிகிரி குறைச்சுப் பாருங்க.

சுவிட்சும் ப்ரோக்ராமும்

புஷ் பட்டனை விட டாகிள்தான் நல்லது, ஏன்னா சுவிட்ச் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ பாயிண்ட்டும் அந்தப் பக்கம்தான், கரண்ட் போய் வந்தாலும் குழப்பம் இல்ல. ஒரு கால் 2-ம் பின்னுக்கு, இன்னொண்ணு கிரவுண்டுக்கு. அந்தப் பின்னை இன்புட் புல்அப்னு செட் பண்ணிட்டா தனியா ரெசிஸ்டர் வேண்டாம், சுவிட்ச் திறந்திருந்தா ஹை, மூடினா லோ.

ப்ரோக்ராம் எழுதுறது சுலபம்தான். லூப்ல சுவிட்சைப் படிக்கணும், ஹைன்னா இலக்கு ஒரு கோணம், லோன்னா இன்னொண்ணு, இப்ப இருக்கிற கோணம் இலக்கை விட கம்மின்னா ஒண்ணு கூட்டு, அதிகம்னா ஒண்ணு குறை, ரைட் பண்ணு, 50 மில்லிசெகண்ட் டிலே, அவ்வளவுதான். 20 டிகிரிக்கு ஒரு செகண்ட் ஆகும், இன்னும் மெதுவா வேணும்னா டிலேயை 100 ஆக்குங்க. செட்டப்ல (ஆன் பண்ணதும் ஒரே தடவை ஓடுற பகுதி) மட்டும் ஒரு விஷயம், முதல்ல சுவிட்சைப் படிச்சு அந்தக் கோணத்தை ரைட் பண்ணிட்டு அப்புறம் சர்வோவைப் பின்னோட அட்டாச் பண்ணணும், வரிசை மாறினா ஆன் பண்ணும்போதெல்லாம் சர்வோ 90-க்கு ஓடிட்டு திரும்பி வரும்.

பவர்

ஒரு சர்வோ டெஸ்ட் பண்ண யூஎஸ்பி போதும். ரெண்டாவது சேர்க்கும்போதே தனியா 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் வாங்கிருங்க, ஏன்னா சர்வோ எங்கயாவது சிக்கிக்கிட்டா திடீர்னு நிறைய கரண்ட் இழுக்கும், போர்டு ரீசெட் ஆகும். அடாப்டரோட நெகட்டிவையும் ஆர்டுயினோ கிரவுண்டையும் கண்டிப்பா சேர்க்கணும், சேர்க்கலன்னா சர்வோ கண்டபடி ஆடும். 12 வோல்ட் அடாப்டரை சர்வோவுக்கு நேரா கொடுக்கவே கொடுக்காதீங்க, தண்டவாளத்துல இருந்தும் எடுக்காதீங்க.

உங்க பாயிண்ட்ல ஃப்ராக் (ரெண்டு தடத்தோட தண்டவாளமும் குறுக்கே வெட்டிக்கிற இடம்) மெட்டலா, கரண்ட் பாயுற வகையா இருந்தா பாயிண்ட் மாறும்போது அதோட போலாரிட்டியும் மாறணும், அதுக்கு ஆர்ம் போய் அழுத்துற மாதிரி ஒரு மைக்ரோசுவிட்ச் வைக்கலாம். பிளாஸ்டிக் ஃப்ராக்னா இந்த வேலையே இல்ல. பாயிண்ட் எண்ணிக்கை கூடிப்போச்சுன்னா நிறைய சர்வோவை ஒண்ணா ஓட்டுற பிசிஏ9685 போர்டு ஒண்ணு வாங்குங்க, யூனோவோட ரெண்டே சிக்னல் வயர்ல 16 சர்வோ ஓட்டலாம்.