கவட்டை வலியைக் கேள்வித்தாளிலேயே பிடியுங்கள்

கால்பந்து வீரருக்குக் கவட்டை வலி வந்தால் உடனே உட்கார மாட்டார், வலியோடே ஆடுவார். அதனால் எத்தனை ஆட்டம் தவறவிட்டார் என்று மட்டும் பார்த்தால் ஆரம்ப வலி கண்ணில் படாது. இதற்கு, இடுப்பு மூட்டு, கவட்டைத் தொல்லைகளை வீரரையே கேட்டு அளக்கும் 'ஹேகோஸ்' (HAGOS) கேள்வித்தாள் உதவும்; அது 2011-இல் வெளிவந்தது. 37 கேள்விகள், 6 பிரிவுகள், எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. 100 என்றால் தொல்லையே இல்லை, 0 என்றால் மோசம். பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்!

இதைத் தமிழில் மொழிபெயர்ப்பதில்தான் சிக்கல். 'இடுப்பு' என்று எழுதினால் சிலர் முதுகின் அடிப்பகுதியை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். 'தொடை இடுக்கு' என்று எழுதி, பக்கத்தில் உடல் படம் போட்டு அந்த இடத்தை நிழலிட்டுக் காட்டுங்கள். மொழிபெயர்த்ததை மூலம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மூலமொழிக்கே திருப்பச் சொல்லுங்கள். பிறகு நாலைந்து வீரர்களை உரக்கப் படிக்கவைத்தால், எங்கே தடுக்குகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வாராவாரம் 37 கேள்வி யாருக்கும் அலுக்கும். சீசன் தொடங்கும்முன் முழுதாகக் கேளுங்கள். நடுவில், மல்லாந்து படுத்துக் கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே நீங்கள் வைத்த கையை 5 விநாடி உள்நோக்கி இறுக்கச் சொல்லி, வலிக்கு 10-க்கு எத்தனை என்று கேளுங்கள். 3-க்கு மேல் போனால் பிசியோவிடம் அனுப்புங்கள். பதில்கள் அணித் தேர்வாளர் கைக்குப் போகாது என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் 100-தான்.