"ஆன்டிவைரஸ் இருக்கிறதே!" என்பதில் தொடங்கும் தவறுகள்

கம்ப்யூட்டரில் ஏதோ புகுந்துவிட்டது என்று வருகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியையும் கொண்டு வருவார்கள்: "ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேனே, அப்புறம் எப்படி வந்தது?" தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆன்டிவைரஸ் தனக்கு ஏற்கெனவே தெரிந்த தீய நிரல்களின் அடையாளங்களோடு கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு நிரல் சந்தேகப்படும்படி நடந்துகொண்டால் தடுக்கிறது. நேற்று ராத்திரி எழுதி இன்று காலை பரப்பிய ஒன்றை அது தவறவிடலாம். நாமே கைப்பட அனுமதி கொடுத்து உள்ளே விட்டதை அது தடுக்கப்போவதும் இல்லை. சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது.

அதற்காக ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு, மூன்று ஆன்டிவைரஸ்களை ஒரே கணினியில் ஏற்றுவது வீண் வேலை. ஒரே கோப்பை இரண்டும் பிடித்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும், கணினிதான் திணறும். லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸின் சந்தா முடிந்துபோய், புதுப்பிக்கப்படாமல் மூலையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் நீக்கிவிட்டு, டிஃபெண்டர் இயங்குகிறதா என்று சரிபார்த்தால் போதும்.

"அப்புறம் நினைவூட்டு"

தவறுகளில் எதை முதலில் திருத்துவது என்று கேட்டால், அப்டேட்டைத் தள்ளிப்போடுவதைத்தான் சொல்வேன். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், ஒரே நாளில் உலகைச் சுற்றி வந்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகள் முடங்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது பரவுவதற்கு யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் இருந்த ஓட்டை வழியே, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. அதாவது, ஏறக்குறைய இரண்டு மாதம் மருந்து கையில் இருந்தது, பலர் போட்டுக்கொள்ளவில்லை.

இதில் பலரும் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. அப்டேட் வெளியானதும் ஆபத்து குறைவதில்லை, போடாதவர்களுக்குக் கூடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது விவரம் தெரிந்தவனுக்குப் பிடிபட்டுவிடும். அதுவரை ஓட்டையைப் பற்றியே அறியாதவன்கூட அன்றிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

விண்டோஸ் தானாக அப்டேட் ஆகிறது, சரி. மற்றவை? கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் வின்ரார் போன்ற மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. நாமாகப் போய்ப் புதிய பதிப்பை எடுத்தால்தான் உண்டு. 2023 ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்புக்கு முன்பு அதில் ஒரு மோசமான ஓட்டை இருந்தது. சுருக்கிய கோப்புக்குள் ஒரு படம் தெரியும். அதை இருமுறை சொடுக்கினால், அதே பெயரில் ஒளித்து வைத்த ஃபோல்டருக்குள் இருக்கும் நிரல் ஓடும். உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்து எத்தனை நாளாயிற்று?

பிரவுசர் இன்னொரு வகை. அது அப்டேட்டை இறக்கி வைத்துக்கொண்டு, மூடித் திறக்கும்வரை காத்திருக்கும். நாற்பது டேப்களைத் திறந்துபோட்டு வாரக்கணக்கில் மூடாமலே இருப்பவர்களுக்கு அந்த அப்டேட் வந்தும் வராததுதான்.

அப்புறம், ஆதரவு முடிந்த விண்டோஸ். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்தது. "இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பார்கள். ஓடும். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்றாலும், அதற்கும் கெடு தேதி உண்டு.

நாமே திறந்துவிடும் கதவு

கடந்த சில ஆண்டுகளில் வேகமாகப் பரவும் ஒரு தந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்" என்று பழக்கப்பட்ட கட்டம் வருகிறது. டிக் செய்கிறீர்கள். வழக்கமாகப் போக்குவரத்து விளக்கு, பேருந்து என்று படங்கள் வரும் இல்லையா? இங்கே மூன்று வரிகள் வருகின்றன: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல் விசையோடு வி விசையை அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். செய்து முடிக்க ஐந்து விநாடி ஆகாது.

நடந்தது என்ன? நீங்கள் டிக் செய்தபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்துவிட்டது. முதல் வரி, கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ரன் பெட்டியைத் திறந்தது. இரண்டாவது, கட்டளையை அதில் ஒட்டியது. மூன்றாவது, அதை ஓடவிட்டது. பிரவுசரின் பாதுகாப்பு எச்சரிக்கை எதுவும் குறுக்கே வராது. ஏனென்றால் பிரவுசர் எதையும் டவுன்லோடு செய்யவில்லை, நீங்கள் உங்கள் கையால் தட்டியிருக்கிறீர்கள். விதி எளிது: எந்த இணையதளமும் நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிப்பதற்காக ரன் பெட்டியையோ டெர்மினலையோ திறக்கச் சொல்லாது. சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வேறு எதையாவது நகலெடுத்துக் கிளிப்போர்டில் இருப்பதையும் அழித்துவிடுங்கள்.

கிராக் செய்த மென்பொருளும் இதே குடும்பம்தான். "இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்று கூடவே ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வரச் சொல்கிறவன் எதற்காகச் சொல்கிறான் என்று யோசிக்காமல், நாமும் சொன்னபடி செய்கிறோம்.

"நான் கிராக் எல்லாம் போடமாட்டேன், ஒரிஜினல்தான்" என்பவர்களும் தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்கி மாட்டுகிறார்கள். 2023இல் கீபாஸ் என்ற பாஸ்வேர்டு மென்பொருளின் பெயரில் கூகுள் தேடலில் ஒரு விளம்பரம் வந்தது. போய்ச் சேரும் போலித் தளத்தின் முகவரியில் முதல் எழுத்துக்குக் கீழே மட்டும் சின்னஞ்சிறிய குறி ஒன்று இருந்தது. திரையில் படிந்த தூசி என்றுதான் தோன்றும். பாஸ்வேர்டைப் பாதுகாக்கக் கிளம்பியவர்களுக்கே வலை! மென்பொருள் வேண்டுமென்றால் விளம்பரத்தைத் தாண்டிப் போய் அதிகாரபூர்வத் தளத்திலோ, விண்டோஸின் ஸ்டோரிலோ எடுங்கள். பூட்டுப் படம் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். அந்தப் பூட்டு, இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. எதிரில் இருப்பவன் யோக்கியன் என்று சொல்லவில்லை. மோசடித் தளமும் அதை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

மின்னஞ்சலில் வரும் கோப்புகளின் கதை பழையது, ஆனாலும் ஓயவில்லை. 2000 மே மாதத்தில் பரவிய "ஐ லவ் யூ" வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பாக வந்தது. பெயரின் முடிவில் எழுத்துக் கோப்புக்கு உரிய ".டிஎக்ஸ்டி" தெரிந்தது. அதற்கும் பின்னால் ".விபிஎஸ்" என்ற உண்மையான வால் இருந்தது; விண்டோஸ் அதை மறைத்துவிட்டது. 25 ஆண்டுகளுக்குப் பிறகும் விண்டோஸ் இந்த வால்களை மறைத்தே வருகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" பகுதிக்குப் போய், கோப்பு நீட்டிப்பைக் காட்டும் தேர்வை இன்றே டிக் செய்துவிடுங்கள். பிடிஎஃப் படம் போட்ட "இன்வாய்ஸ்" கோப்பின் பெயர் ".இஎக்ஸ்இ" என்றோ ".எஸ்சிஆர்" என்றோ முடிந்தால், அது ரசீது இல்லை, நிரல்.

பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களை யாரும் மென்பொருளாகவே நினைப்பதில்லை. "நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறோம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நல்ல பெயர் எடுத்த குரோம் எக்ஸ்டென்ஷனை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர் 2020இல் வேறு கைக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் அதில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. இன்ஸ்டால் செய்த அன்று நல்லதாக இருந்தது என்றைக்கும் நல்லதாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுவது நல்லது.

சத்தமில்லாத திருட்டு

"கம்ப்யூட்டர் வேகமாகத்தான் இருக்கிறது, அதனால் வைரஸ் இல்லை" என்பது பழைய கால நினைப்பு. அன்றைய வைரஸ்களில் சில திரையில் கூத்துக் காட்டின. இன்றைய ஸ்பைவேர் எனும் உளவு நிரல் நீங்கள் கவனிக்கவே கூடாது என்று எழுதப்படுகிறது. அதிலும் தகவல் திருடும் வகை ஒன்று உண்டு. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பும். அந்த வகையில் சில, வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும். மறுநாள் ஸ்கேன் செய்தால் "எதுவும் இல்லை" என்றுதான் வரும். அந்தப் பச்சை நிற டிக், இப்போது எதுவும் இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

குக்கீ போனால் என்ன என்று கேட்கலாம். நீங்கள் மின்னஞ்சலில் ஒருமுறை உள்நுழைந்த பிறகு, ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதற்குக் காரணமே அந்தக் குக்கீதான். அதைத் தன் பிரவுசரில் போட்டுக்கொள்கிறவன், பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே பல தளங்களில் உங்கள் கணக்குக்குள் உட்கார்ந்துவிடுவான். இரண்டடுக்குச் சரிபார்ப்பு அவசியம்தான். எல்லாக் கணக்குகளிலும் போடுங்கள். ஆனால் கணினியே கைமாறிய பிறகு அது ஒன்று மட்டும் காப்பாற்றாது.

ஒரே பாஸ்வேர்டை எல்லாத் தளங்களுக்கும் வைப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நானும் நீட்டவில்லை. பாஸ்வேர்டுகளை நமக்காக நினைவில் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குத் தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல், மாற்றப்படாத இந்த மாதிரிப் பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது.

மாட்டிய பிறகு செய்யும் தவறுகள்

தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான். பதற்றத்தில் அதே கணினியிலேயே உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுவார்கள். உள்ளே இருப்பவன் புதியதையும் எடுத்துக்கொள்வான். முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல் கணக்கில் தொடங்குங்கள்; மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் அங்கேதான் வரும். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்காமல், "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற தேர்வையும் அழுத்துங்கள். திருட்டுப்போன குக்கீ செல்லாததாவது அப்போதுதான். மீட்பு எண், மின்னஞ்சலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஆகியவற்றில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

திடீரென்று திரை முழுக்க "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலறினால் அது பெரும்பாலும் வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மசியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் போய்ப் பிரவுசரை மூடுங்கள். அழைத்தீர்களானால், எதிர்முனையில் இருப்பவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை ஏற்றச் சொல்வார். உண்மையான சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ரான்சம்வேர் என்றால் பேக்கப் மட்டுமே கைகொடுக்கும். அந்தப் பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்கள் நிறைய. செருகியிருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய நகல்களையும் இவை முதலிலேயே அழித்துவிடுவது வழக்கம். பேக்கப் முடிந்ததும் கழற்றி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து சில கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பேக்கப் இல்லையென்றால், பணம் கட்டுவதற்கு முன் "நோ மோர் ரான்சம்" தளத்தைப் பாருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கியது. சில வகை ரான்சம்வேர்களுக்கு இலவசச் சாவி அங்கே கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனியே வைத்திருங்கள். காவல்துறை அந்தக் கும்பலைப் பிடித்த பிறகு சாவிகள் வெளிவந்ததும் உண்டு.

கணினி மீது சந்தேகம் தீரவில்லை என்றால், விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போடுவதே நல்லது. அப்போது பழைய டிஸ்க்கிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும், ஸ்கேன் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். மென்பொருள்களை அந்தந்தத் தளத்திலிருந்து புதிதாகவே இறக்குங்கள். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த அந்த "செட்டப்" ஃபோல்டர் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.