ஹெட்செட்டில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வீட்டுப் படம் கீறிக் கொடுப்பது என் தொழில். கட்டாத வீட்டுக்குள்ளும் இப்போது, கண்ணை மூடிப் போடுகிற மெய்நிகர் (வி.ஆர்.) ஹெட்செட் போட்டு நடக்கலாம். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்று கதைத்துக்கொண்டே கூட வரும். நானும் அதைக் காட்டித்தான் வேலை எடுக்கிறேன். ஆகவே விற்கிற பக்கத்தில் நின்று சொல்கிறேன்: நீங்கள் வீட்டைப் பார்க்கிற நேரம் முழுக்க அது உங்களைப் பார்க்கிறது.

தலை எங்கே இருக்கிறது என்று ஓயாமல் அளக்காவிட்டால் ஹெட்செட்டால் படத்தைச் சரியாகக் காட்ட முடியாது. கையையும் அளக்கும். அந்த அசைவு லேசான விஷயமில்லை. 2023இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு வி.ஆர். விளையாட்டை ஆடிய 50,000க்கும் மேற்பட்டோரில் யார் யாரென்று 100 விநாடி அசைவை வைத்தே 94 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அப்படியிருக்க, நீங்கள் குசினியில் கொஞ்சம் கூட நேரம் நின்றது தெரியாமலா போகும்? உதவியாளரின் அடுத்த பேச்சு குசினியைப் பற்றியே இருக்கும்படி விற்பவர் செய்து வைக்கலாம். கண் அசைவு இன்னும் காட்டிக்கொடுக்கும். அப்பிளின் விஷன் புரோ ஹெட்செட் அதைச் செயலிகளுக்குக் கொடுப்பதில்லை. மெட்டாவின் குவெஸ்ட் புரோவில் அனுமதி உங்கள் கையில், மறுத்துவிடுங்கள்.

போட முதல் ஒரு தாளில் உங்கள் உச்ச விலையை எழுதுங்கள். மூன்று கோடி என்று முதலில் காதில் விழுந்தால், பிறகு இரண்டரைக் கோடி மலிவாகத் தெரியும். கட்டாயம் வேண்டியவற்றையும் எழுதுங்கள்: அம்மம்மாவுக்குப் படியில்லாத அறை, கிணற்றடிக்கு வழி. தாள் ஹெட்செட் போடாத ஒருவரிடம் இருக்கட்டும்.

உள்ளே போனதும் உதவியாளரின் உருவத்தை மறைத்து, குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பெய்லன்சனும் யீயும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவரின் தலையசைவை 4 விநாடி கழித்து அப்படியே திருப்பிச் செய்த கணினி உருவத்தின் பேச்சு கூடுதலாக எடுபட்டது. பெரும்பாலானோர் அதைக் கவனிக்கவேயில்லை.

அப்புறம் உங்கள் உண்மையான உயரத்தைப் போடச் சொல்லுங்கள். கண்மட்டம் தாழ்ந்தால் கூரை உயர்ந்து தெரியும். கட்டில் எத்தனை அடி என்று கேளுங்கள். சின்னக் கட்டில் போட்டு அறையைப் பெருப்பிக்கிற வேலை எங்கள் ஆட்களிடம் உண்டு. காட்டுகிற வீட்டில் எப்போதும் காலை எட்டு மணி வெளிச்சம்தான் இருக்கும். சித்திரை வருஷப்பிறப்பு நாட்களில் யாழ்ப்பாணத்தில் மதியச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த மாதத்துப் பின்னேரம் மூன்று மணியைப் போடச் சொல்லி, மேற்குச் சுவரில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று பாருங்கள். “இந்த வீட்டில் என்ன குறை?” என்றும் உதவியாளரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதை விற்பதற்காகவே பழக்கியிருக்கிறார்கள்.

லண்டனில் இருந்து வந்த ஒரு அங்கிள் ஹெட்செட்டைக் கழற்ற முதலே, “பிள்ளை, அட்வான்ஸ் எவ்வளவு?” என்றார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, “நாளைக்குக் கதைப்பம் அங்கிள்” என்றேன். எனக்கு நட்டம்தான். ஆனாலும் ஹெட்செட்டோடு இருக்கும்போது விலை பேசவே கூடாது. கழற்றி, தாளை எடுத்துப் பார்த்து, ஒரு இரவு விடுங்கள்.

அடுத்த நாள் காணிக்கு நேரில் போய்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், உவரா நன்னீரா என்று. காணி உறுதிப் பத்திரத்தை நொத்தாரிசிடம் காட்டி, பாதை உரிமை எழுதியிருக்கிறதா என்று கேட்டபிறகு அட்வான்ஸைக் கொடுக்கலாம்.