கால் பிசகினா உடனே எக்ஸ்ரேயா? கேஷுவாலிட்டில தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாசம் வந்துட்டா சிராவயல் மஞ்சுவிரட்டு, அது முடிஞ்ச கையோட குன்றக்குடிலேர்ந்து பழனிக்கு பாதயாத்திரைன்னு நம்ம காரைக்குடி பக்கம் கால் பிசகி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க ஜாஸ்தி ஆயிடுவாங்க. மத்த மாசமும் கொறைவில்ல, பெரிய வீட்டு வளவுல மழைத்தண்ணி தெறிச்ச ஆத்தங்குடி கல்லுல வழுக்குறது, உசரமான நிலைப்படி தடுக்குறது, டூவீலர் சாயும்போது கால் மடங்குறதுன்னு வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. கூட வந்தவங்க கேக்குற மொதக் கேள்வி "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாமா டாக்டர்?" பல எடத்துல டாக்டருங்க காலைத் தொட்டுக்கூட பாக்காம எக்ஸ்ரேக்கு சீட்டு எழுதிக் குடுத்துடுறாங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

கணுக்கால் பிசகி வர்றவங்கள்ல 100 பேருக்கு 15 பேருக்கும் கம்மியாத்தான் எலும்பு உடைஞ்சிருக்கும், மிச்ச பேருக்கு ஜவ்வுதான் இழுத்திருக்கும் இல்லன்னா கிழிஞ்சிருக்கும், ஜவ்வு எக்ஸ்ரேல தெரியாது. கனடால ஒட்டாவா நகரத்துல இயன் ஸ்டீல்னு ஒரு டாக்டரும் அவரோட டீமும் இதைத்தான் யோசிச்சாங்க, 750 பேரை சோதிச்சுப் பாத்து 1992ல ஒரு விதிமுறை போட்டாங்க, ஒட்டாவா ஆங்கிள் ரூல்ஸ்னு பேரு. யாருக்கு எக்ஸ்ரே தேவையே இல்லன்னு விரலால அழுத்திப் பாத்தும் நாலு எட்டு நடக்க வச்சும் சொல்லிடலாம். அப்புறம் பல நாட்டுல 15,000 பேருக்கு மேல வச்சு இதைச் சோதிச்ச ஆராய்ச்சிகளை எல்லாம் சேத்து 2003ல பாத்தப்ப, தப்பிப் போன எலும்பு முறிவு 2 சதவீதத்துக்கும் கம்மி, எக்ஸ்ரே மட்டும் 30லேர்ந்து 40 சதவீதம் வரைக்கும் கொறையுதுன்னு தெரிஞ்சுது. ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட் இது, ஆனா சரியா பண்ணணும்.

மொதல்ல வீக்கத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஜவ்வு கிழிஞ்ச கால் அரை மணி நேரத்துல கோழிமுட்டை சைசுக்கு வீங்கிடும், சின்னதா உடைஞ்ச எலும்பு பெருசா வீங்காமலும் இருக்கும். வீக்கத்தோட அளவுக்கும் உடைஞ்சிருக்கா இல்லையாங்கறதுக்கும் இந்த விதிமுறைல சம்பந்தமே கிடையாது. அழுத்துற நம்ம விரலை எலும்பைத் தொடவே விடாத அளவுக்கு வீக்கம் இருந்தா மட்டும் அது கணக்குல வரும், அப்ப அழுத்திப் பாத்து சொல்றதையே நம்ப முடியாதுல்ல, எக்ஸ்ரே எடுத்துடணும்.

அடுத்தது அழுத்துற எடம். நான் பாத்த வரைக்கும் அதிகமா தப்பு நடக்குறது இங்கதான், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். கரண்டைல வெளிப்பக்கமும் உள்பக்கமும் துருத்திட்டு நிக்குதே ரெண்டு எலும்பு, அதோட நுனியும், நுனிலேர்ந்து மேல 6 செ.மீ. வரைக்கும் அதோட பின்பக்க ஓரமும்தான் அழுத்த வேண்டிய எடம், அங்க வலிச்சாத்தான் எக்ஸ்ரே. பின்பக்க ஓரம்னு ஏன் சொல்லி வச்சிருக்காங்கன்னா, வெளி எலும்புக்கு முன்னாடி கொஞ்சம் கீழ இருக்குற ஜவ்வுதான் பிசகும்போது மொதல்ல அடிவாங்கும், அங்க அழுத்துனா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க, அதை எலும்பு வலின்னு எழுதிட்டா எல்லாருக்கும் எக்ஸ்ரேதான். அதனால வலிக்காத எடத்துலேர்ந்து ஆரம்பிங்க, மேலேர்ந்து எலும்பு ஓரமா ஒரு விரல் நுனியால மெதுவா எறங்கி வாங்க, பேஷண்ட் காலைப் பாக்காம உங்க மொகத்தைப் பாக்கட்டும். "ஆச்சி, இங்கன அழுத்துறேன், வலிக்குதா?"ன்னா "இல்லய்யா, அதுக்கு முன்னாடிதான்யா விண்ணு விண்ணுங்குது"ன்னு அவங்களே எடத்தைத் திருத்திக் குடுப்பாங்க. அந்த ஒரு நிமிஷம் செலவு பண்ணா போதும்.

இதோட பாதத்துல இன்னும் ரெண்டு எடம் இருக்கு, அதை மறந்துடுறாங்க. சுண்டுவிரலுக்கு நேரா பாதத்தோட வெளி ஓரத்துல பாதி தூரத்துல ஒரு மேடு தட்டுப்படும், அஞ்சாவது மெட்டாடார்சலோட (சுண்டுவிரலுக்குப் பின்னாடி பாதத்துல இருக்குற நீள எலும்பு) அடி, கால் உள்பக்கமா மடங்கும்போது அது பிச்சுக்கும். இன்னொன்னு உள்பக்கம் பாத வளைவுக்கு மேல இருக்குற நாவிகுலர்ங்கற எலும்பு. பாதத்தோட நடுப்பக்கம் வலி இருந்து இந்த ரெண்டுல எங்க அழுத்துனா வலிச்சாலும் பாதத்துக்குன்னு தனியா எக்ஸ்ரே எழுதணும், கணுக்காலுக்கு மட்டும் எழுதி அனுப்பாதீங்க. அப்படியே முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமும் ஒரு அழுத்து அழுத்திடுங்க. சில பேருக்கு கணுக்கால் திருகுன வேகத்துல அங்க மேல எலும்பு உடைஞ்சிருக்கும், வலி என்னமோ கீழதான் இருக்குன்னு அவங்க சொல்லுவாங்க. விதிமுறைல இது இல்ல, ஆனா நான் விடவே மாட்டேன்.

நடக்க வைக்குறது. நம்ம ஊர்ல அடிபட்டவங்களை நாலு பேரு தூக்கிட்டுத்தான் வருவாங்க, அப்படியே வீல்சேர்ல உக்கார வச்சு "நடக்க முடியல டாக்டர்"னு சொந்தக்காரங்களே பதில் சொல்லிடுவாங்க, டாக்டரும் அதை எழுதிக்குவார். எறக்கி நிக்க வச்சுப் பாக்கணும். நொண்டிக்கிட்டு வலது ரெண்டு இடது ரெண்டுன்னு நாலு எட்டு வச்சாலே நடந்ததாத்தான் கணக்கு, ஒழுங்கா நடக்கணும்னு யாரும் சொல்லல. இன்னொன்னையும் பல பேர் மாத்தி ஞாபகம் வச்சிருக்காங்க, அடிபட்ட உடனேயும் கால் ஊனி நடக்க முடியல, கேஷுவாலிட்டிலயும் முடியல, ரெண்டும் சேந்து இருந்தாத்தான் எக்ஸ்ரே. விழுந்த எடத்துலேர்ந்து எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்து வந்துட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீங்கி நடக்க முடியலன்னா அதை மட்டும் காரணமா வச்சு படம் எடுக்க வேண்டியதில்ல, எலும்பை அழுத்திப் பாத்து முடிவு பண்ணலாம்.

இப்ப எனக்கு ரொம்ப கவலையான விஷயத்துக்கு வர்றேன், இந்த விதிமுறை யாருக்குச் செல்லாதுன்னு தெரியாம போடுறது. சுகர் ரொம்ப வருஷமா இருக்குறவங்களுக்கு கால் மரத்துப் போயிருக்கும், எலும்பு உடைஞ்சே நடந்து வருவாங்க, அழுத்துனா "ஒண்ணும் தெரியலையே தம்பி"ம்பாங்க. வலி இல்லன்னு அவங்களை அனுப்பி வச்சா உடைஞ்ச எலும்பு மேலயே நடந்து நடந்து பாதமே உருக்குலைஞ்சு போயிடும். சுகர் பேஷண்டுக்கு கால் சூடா செவந்து வீங்கி, வலி மட்டும் இல்லாம இருந்தா தயவுசெஞ்சு எக்ஸ்ரே எடுங்க, அந்தக் காலை ஊன விடாதீங்க. சரக்கு போட்டுட்டு வந்தவங்க, தலைல அடிபட்டு தெளிவில்லாம இருக்குறவங்க, தொடை எலும்பு மாதிரி வேற எடத்துல பெரிய அடி இருக்குறவங்க, இவங்க சொல்ற பதிலையும் நம்பி முடிவு எடுக்க முடியாது. சின்னப் பிள்ளைங்க விஷயத்துல 5 வயசுக்கு மேலன்னா இந்த விதிமுறை நல்லாவே வேலை செய்யுதுன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் சொல்லுது, அதுக்குக் கீழ வேண்டாம். கர்ப்பிணிகளை மொத ஆராய்ச்சில சேக்கல, ஆனா தேவைன்னா அவங்களுக்கும் எடுக்கலாம், கணுக்கால் எக்ஸ்ரேல இருக்குற கதிர் ரொம்ப ரொம்பக் கொஞ்சம், வயித்துல இருக்குற பிள்ளைக்குப் போறது ஒண்ணுமே இல்லங்கற அளவுதான், பயந்துக்கிட்டு உடைஞ்ச காலோட அனுப்புறதுதான் தப்பு.

பாதயாத்திரை போனவங்க கதை வேற. பிசகவே இல்ல, நடக்க நடக்க பாதத்துல ஒரே எடத்துல வலி கூடிக்கிட்டே வருதுன்னா அது எலும்புல நடந்து நடந்து விழுந்த மயிர்க்கீறலா இருக்கலாம், மொத ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாமப் போகலாம். அவங்களுக்கு ஒட்டாவா கணக்கைப் போடக் கூடாது. மரத்துலேர்ந்தோ மாடிலேர்ந்தோ விழுந்தவங்களுக்கு குதிகாலையும் முதுகெலும்பையும் பாருங்க. பாதம் ஒரு பக்கமா திரும்பிப் போய் தோல் வெளுத்து விரல் சில்லுன்னு இருந்தா, வலி மருந்து குடுத்து காலை நேராக்கிட்டு அப்புறம் எக்ஸ்ரே ரூமுக்குத் தள்ளிட்டுப் போங்க, படத்துக்காகக் காத்திருந்தா ரத்தம் ஓடாத கால் காத்திருக்காது.

எலும்பு வலி இருக்குன்னு எக்ஸ்ரே எழுதுனா உடைஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல, அதையும் பேஷண்டுகிட்ட சொல்லிடுங்க, எழுதுற முக்கால்வாசி படம் நார்மலாத்தான் வரும். ஆனா நார்மல்னு வந்ததும் "ஒண்ணுமில்ல, போங்க"ன்னு அனுப்புறது அதைவிடப் பெரிய தப்பு. ஜவ்வு முழுசா கிழிஞ்சாலும், குதிகால் நரம்பு (கெண்டைக்கால் சதையைக் குதிகாலோட சேக்குற தசைநாண்) அறுந்தாலும் எக்ஸ்ரே நார்மல்தான். குப்புறப் படுக்க வச்சு கெண்டைக்காலை அமுக்குனா பாதம் கீழ்ப்பக்கம் அசையணும், அசையலன்னா நரம்பு அறுந்திருக்கு.

எக்ஸ்ரே வேண்டாம்னு சொன்னா நம்மாளுங்க நேரா சுளுக்கு எடுக்கப் போயிடுவாங்க, எண்ணெய் போட்டு உருவி விடுறது, மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டுறது. புதுசா வீங்குன காலை உருவுனா வீக்கம் கூடும், இறுக்கிக் கட்டுனா ரத்த ஓட்டம் நின்னு விரலே போயிடலாம். அதனால வாயால சொல்லி விட்டுடாம சீட்டுல எழுதிக் குடுங்க: ஐஸைத் துணில சுத்தி 15, 20 நிமிஷம் வைக்கணும், படுக்கும்போது காலுக்குத் தலையணை, கிரேப் பேண்டேஜ் இறுக்காம, வலிக்கு பாராசிட்டமால், ரெண்டு மூணு நாள்ல மெதுவா கால் ஊனி அசைக்கணும். அஞ்சு நாள் ஆகியும் நாலு எட்டு வைக்க முடியலன்னா மறுபடி வரணும், விரல் நீலமாகவோ மரத்தோ போனா கட்டை அவிழ்த்துட்டு நடுராத்திரியா இருந்தாலும் உடனே வரணும்.