விலைக் கணக்கு ஓட வேண்டியது பிரவுசரிலா, சர்வரிலா?

பாம்பனில் விசைப்படகில் பிடித்த கணவாய் மீன் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு ஆர்டர் பக்கம் செய்வோம். கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரவுசர் வேலை. நோட்பேடில் ஒரு எச்டிஎம்எல் கோப்பு. அதில் எத்தனை கிலோ என்று கேட்கும் பெட்டி, விலை 300 உள்ள ஹிடன் இன்புட் (திரையில் தெரியாத பெட்டி), ஒரு பட்டன். இரண்டையும் பெருக்கிக் காட்ட நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். கோப்பைத் திறந்து, நெட்டை அணைத்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். கணக்கு வரும், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் கணினியிலேயே ஓடுகிறது. கிலோ பெட்டி காலியாக இருந்தால் உடனே சொல்வது போன்ற வேலைகளுக்கு இதுதான் சரி. சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கும் கரையில் இது பெரிய உதவி.

அப்புறம் எஃப்12 அழுத்தி, பக்கத்தின் எச்டிஎம்எல்லைக் காட்டும் எலிமென்ட்ஸ் பகுதியில் அந்த 300ஐ 3 ஆக்குங்கள். பத்து கிலோ கணவாய் முப்பது ரூபாய்! யார் வேண்டுமானாலும் இப்படி மாற்றலாம். அந்தத் தொகையை, ஆர்டரை வாங்கும் கணினியான சர்வர் அப்படியே ஏற்றால் கடைக்காரர் தலையில்தான் நஷ்டம் விழும்.

ஆகவே படிவம் கிலோவை மட்டும் அனுப்பட்டும். விலையும் பெருக்கலும் சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதிய கோப்புக்குப் போகட்டும். பிஎச்பியை நிறுவி, அதனுடனே வரும் சோதனை சர்வரை 8000 போர்ட்டில் ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட்:8000 முகவரியில் பக்கத்தைத் திறங்கள் (லோக்கல்ஹோஸ்ட் என்றால் உங்கள் கணினியேதான்). ஆர்டர் அனுப்பிய பின் கன்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்தி, பக்கத்தின் மூல வரிகளைப் பார்த்தால் பிஎச்பி வரி ஒன்றுகூடத் தெரியாது. விடை மட்டும் வந்திருக்கும். கிலோ இடத்தில் மைனஸ் 5 என்று அனுப்புகிறவரும் உண்டு. பிரவுசரில் சோதித்ததை சர்வரில் இன்னொரு முறை சோதித்தே ஆக வேண்டும்.

கடைசியாக மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது ஆர்டர் எடுக்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டிடம் தேதி கேட்டால் போனில் உள்ள தேதியைத்தான் சொல்லும். போனில் தேதியை மாற்றினால் தடையும் போய்விடும். இதையும் சர்வரிடம் விடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிஎச்பி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொள்ளும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது. நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று அமைக்காவிட்டால், ஏப்ரல் 15 காலை 5.30 வரை ஆர்டர் விழுந்துகொண்டே இருக்கும்.